இழுவை குறைந்த ஸ்கூட்டி: எஞ்சினைத் திறக்கும் முன்னும் திறந்த பின்னும்

திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் ஸ்கூட்டி திணறினால் காதில் விழும் முதல் வைத்தியம் "போர் அடிச்சுப் பெரிய பிஸ்டன் போட்டிருங்கோ" என்பதுதான். போர் அடிப்பது, அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது, கடைசி வைத்தியம். தினமும் வேலைக்குப் போய்வர வேண்டிய வண்டி முதலில் கம்பனியில் இருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஏற்றுவதைப் பிறகு யோசிக்கலாம். பெல்ட் தேய்ந்த வண்டிக்குப் புதுப் பிஸ்டன் போட்டால், புதுப் பிஸ்டனோடு அதே ஏற்றத்தில் அதே இடத்தில்தான் திணறும்.

கீழே உள்ளவை டியோ, பெப், பிளெஷர், வீகோ போன்ற 88 முதல் 110 சிசி வரையான, விசிறிக் காற்றால் குளிரும், கார்பரேட்டர் வைத்த, பெல்ட்டில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பொருந்தும். கோளாறின் ஒவ்வொரு குறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் தின்னும் வேலை கடைசியில் வரும்.

## ஸ்பானர் எடுப்பதற்கு முன்

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் நிற்கும்போது கிளட்ச் விட்டிருக்கும் என்பதால் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். தள்ளிய இடத்திலேயே நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் பின் டிரம்முக்குள் மணல் சேரும். பிரேக் கேம் தண்டு உப்புக் காற்றில் துருவேறி, விட்ட பிறகும் முழுதாகத் திரும்பாது. பிரேக் தேய்த்துக்கொண்டு ஓடும் வண்டிக்கு எந்த எஞ்சினும் போதாது.

டயரில் காற்று, எஞ்சினில் ஒயில் இரண்டையும் பாருங்கள். ஒயில் குச்சியைத் துடைத்துப் பெரும்பாலான ஹொண்டா வண்டிகளில் திருகாமல் வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகி அளந்தால் குறைவாக இருப்பதும் சரியாக இருப்பதுபோல் காட்டும்.

இப்போது ஒரு ஏற்றத்துக்குப் போங்கள். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை போதும், மான் குறுக்கே வராத நேரமாகப் பார்த்து. எக்சிலேட்டரை முழுக்க முறுக்குங்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி முன்னுக்குப் போகாவிட்டால் குறி 1. சத்தமே ஏறாவிட்டால் குறி 2. நன்றாக ஓடி, சூடானபின் அடங்கினால் குறி 3.

## குறி 1: சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கோளாறு எஞ்சினில் இல்லை, இடது பக்க மூடிக்குள் இருக்கிறது: பெல்ட், ரோலர், கிளட்ச்.

மூடியை 8 மி.மீ. தலை போல்ட்டுகள் பிடித்திருக்கும். எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் மூடியின் உருவத்தைக் கீறி, கழற்றும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் இறுக்கினால் அலுமினியம் வெடிக்கும்.

### பெல்ட்

பல்லுக்குப் பல் நடுவே வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், பக்கங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பு ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு வேர்னியரால் அகலத்தை அளங்கள். அதே பாக இலக்கப் புதுப் பெல்ட்டை விட 1 மி.மீ. அளவு ஒடுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒடுங்கிய பெல்ட் முன் புல்லியின் உச்சிக்கு ஏறாது என்பதால் கடைசி வேகமும் குறையும். 20,000 கி.மீ. தாண்டிய பெல்ட்டை நல்லதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. அறுந்தால் நிலாவெளி வீதியில் நடுவழியில்தான் அறும், பட்டறைக்கு முன்னால் அறாது.

பெல்ட்டில் ஒயில் பட்டிருந்தால் பெல்ட்டை மாத்திரம் மாற்றி மூடாதீர்கள். ஒயில் முன்பக்கம் இருந்தால் கிராங்க் சீல், பின்பக்கம் இருந்தால் கியர்பெட்டிச் சீல் போயிருக்கிறது. சீல் சிறு பணம், பெல்ட் பெரும் பணம்.

### ரோலர்

வேரியேட்டருக்குள் (வேகத்துக்கேற்ப பெல்ட்டை ஏற்றி இறக்கும் முன் புல்லி) இருக்கும் ரோலர்களை மேசையில் உருட்டிப் பாருங்கள். "டக் டக்" என்று தட்டி உருண்டால் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. ஒன்று போனாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். ஏற்றத்துக்காக எடை குறைந்த ரோலர் போடும் பழக்கம் உண்டு. ஒன்றுக்கு அரை கிராம் முதல் 1 கிராம் வரை குறைத்தால் புறப்பாடு சுறுசுறுப்பாகும், ஏற்றமும் இலகுவாகும். அதற்கு விலையும் உண்டு. நிலாவெளி வரை நேர் வீதியில் எஞ்சின் எப்போதும் கூடிய சுற்றில் கத்திக்கொண்டே போகும், பெற்றோல் கூடும், சூடு கூடும். நகரத்துக்குள்ளேயே ஓடுகிறவருக்குச் சரி, தினம் கிண்ணியாவுக்குப் போய்வருகிறவருக்கு வேண்டாம்.

கையேட்டில் சொல்லாத வேரியேட்டருக்குள் கிரீஸ் வைக்க வேண்டாம். நம் ஊர் மணலும் கிரீஸும் சேர்ந்தால் அரைக்கும் பசைதான் வரும்.

### கிளட்ச்

புறப்படும்போது உதறினால் கிளட்ச் பட்டை பளபளத்திருக்கிறது. கரடான உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்து, கிளட்ச் கிண்ணத்தின் உட்புறத்தையும் தேய்த்துத் துடைத்தால் போதும். பட்டை 2 மி.மீ. இலும் மெல்லியதானால் மாற்றுங்கள். கிண்ணம் நீலம் பாய்ந்திருந்தால் நெடுநேரம் வழுக்கி எரிந்திருக்கிறது என்று பொருள். சும்மா நிற்கும்போதே வண்டி நகரப் பார்த்தால் முதலில் ஐட்லிங் கூடியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று அறுந்திருக்கும்.

### திரும்பப் பூட்டும்போது நடக்கும் பெரிய பிழை

புதுப் பெல்ட்டைப் போட்டதும் அது முன் புல்லியில் விறைப்பாக நிற்கும். அப்படியே நட்டை இறுக்கினால் புல்லித் தட்டுக்கும் நடுக்குழாய்க்கும் இடையில் பெல்ட் நசுங்கிக்கொள்ளும். நட் இறுகிவிட்டதுபோல் கைக்குத் தெரியும். இருபது கிலோமீற்றர் ஓடியதும் பெல்ட் தளர்ந்து நட் கழன்று, ஆடும் தட்டு கிராங்க் தண்டின் பற்களைத் தின்றுவிடும். பெல்ட்டில் மீதம் பிடித்த பணம் கிராங்கில் போகும்.

சரியான முறை இது: பின் புல்லியின் இரு தட்டுகளையும் கையால் விரித்துப் பெல்ட்டை ஆழத்துக்கு அமிழ்த்துங்கள். முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்க வேண்டும். பிறகு தட்டைப் போட்டு, தண்டின் பற்கள் தட்டுக்கு வெளியே முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்து நட்டை இறுக்குங்கள். இறுக்குவது டார்க் ஸ்பானரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்), கையேட்டில் சொன்ன அளவுக்கு. புல்லியைப் பிடிக்க அதற்குரிய பிடிசாவி வேண்டும். விசிறி இதழில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பிடித்தால் இதழ் உடையும். பிடிசாவியும் டார்க் ஸ்பானரும் இல்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

## குறி 2: சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை

### காற்று, பெற்றோல், நெருப்பு

எயார் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கையேட்டில் எழுதிய கிலோமீற்றர் கணக்கு இங்கே செல்லாது, பாதித் தூரத்திலேயே பாருங்கள். ஒட்டும் பசை பூசிய தாள் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டினாலும் மணல் நேரே சிலிண்டருக்குப் போகும்.

பெற்றோலைப் பார்க்க, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு தெளிவான கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் சிகரெட் கூடாது. ஒரு நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகத் திரளும். துருத் தூளும் அங்கேயே தெரியும். தண்ணீர் வந்தால் டாங்க் மூடி ரப்பரைப் பாருங்கள். மழையில் திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு அதுதான் வாசல்.

பிளக்கைக் கழற்றுங்கள். பிஸ்கட் நிறம் நல்லது. கரி பிடித்து உலர்ந்த கறுப்பு என்றால் பெற்றோல் கூட அல்லது ஃபில்டர் அடைப்பு. ஈரமாக ஒயில் வாசம் வந்தால் குறி 4 ஐப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெற்றோல் குறைந்து சூடேறுகிறது, அதை அலட்சியம் செய்ய வேண்டாம். இடைவெளி, குறியீடு 9 இல் முடியும் பிளக்குகளில் பொதுவாக 0.8 முதல் 0.9 மி.மீ., மற்றவற்றில் 0.6 முதல் 0.7 மி.மீ. பிளக் தொப்பிக்குள் பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. வயர் நுனியை 5 மி.மீ. வெட்டிப் புதிதாகத் திருகுங்கள்.

### வால்வு இடைவெளி

வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் சிறு வெளிதான் வால்வு இடைவெளி. பிளக் மாற்றியும், கார்பரேட்டர் கழுவியும் திருந்தாத வண்டிகளில் இது விடுபட்டிருக்கும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது, சொல்லப்போனால் எஞ்சின் முன்னைவிட அமைதியாகும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசிந்து, இழுவை மெல்ல மெல்லச் செத்துப்போகும்.

எஞ்சின் 35 பாகைக்குக் கீழே ஆறியிருக்கும்போது அளக்கச் சொல்கின்றன பல கையேடுகள். திருகோணமலையில் மே, ஜூன் மாத மத்தியானம் நிழலே அந்த அளவுக்கு வந்துவிடும். ஆகவே விடிகாலையில், ஸ்டார்ட் செய்யாமல் செய்யும் வேலை இது.

விசிறிப் பக்கத்தில் பிளைவீலின் "டி" (T) குறியை எஞ்சின் உடலிலுள்ள அடையாளத்துக்கு நேரே கொண்டுவாருங்கள். இரண்டு ராக்கரும் கைக்கு லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் மெல்லிய பிடிப்போடு இழுபட வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மி.மீ. வரைக்குள் இருக்கும். கையேட்டு அளவைத்தான் வையுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து திரும்பிவிடும், இறுக்கியபின் மறுபடி ஒருமுறை அளந்தே மூடுங்கள்.

### கம்பிரஷன்

மேலே எல்லாம் சரியென்றால்தான் இதற்கு வர வேண்டும். சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றி அழுத்தமானியைப் பூட்டி, எக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து, செல்ஃபில் ஐந்தாறு விநாடி சுற்றுங்கள். இந்த வகை எஞ்சின்களுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 10 முதல் 13 கிலோ வரை வருவது நலம். 8 இலும் குறைந்தால் எங்கேயோ கசிகிறது. உதைத்து ஸ்டார்ட் செய்வதை இலகுவாக்க அழுத்தம் தளர்த்தும் பொறி வைத்த கேம் தண்டுகள் சில உண்டு, அவற்றில் அளவு இயல்பாகவே குறைத்துக் காட்டும்.

குறைவாக வந்தால் பிளக் ஓட்டையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு சட்டென்று ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு கசிகிறது. இது தெரிந்தபின் கராஜுக்குப் போனால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதுமா, சிலிண்டரையும் கழற்ற வேண்டுமா என்பதை நீங்களே கேட்கலாம். வால்வு உட்கார வைப்பதும் போர் அடிப்பதும் வெவ்வேறு பில்.

## குறி 3: சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

1. டாங்க் மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் முடிந்தது.
2. கிக்கரைக் கையால் அமுக்குங்கள். வழக்கத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால் பிஸ்டன் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். நிழலில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போக வேண்டியதுதான். வழக்கத்துக்கு மேல் இலகுவாக இறங்கினால் வால்வு இடைவெளி சூட்டில் இல்லாமல் போயிருக்கிறது.
3. உதிரிப் பிளக் ஒன்றைத் தொப்பியில் செருகி, எஞ்சின் உலோகத்தில் அழுத்தி வைத்துச் செல்ஃப் கொடுங்கள். பழைய பிளக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், திறந்த பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் பொறி காட்டுவது ஆபத்து. பொறி இல்லையென்றால் பொறியை உண்டாக்கும் பிக்கப் கொயில், இக்னிஷன் கொயில், சிடிஐ பெட்டி மூன்றில் ஒன்று சூட்டில் செத்துப்போகிறது. இவற்றை ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்ப்பது காசைக் கரைக்கும். மீற்றர் வைத்துப் பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

மூன்றும் சரியென்றால் சூடு எங்கே தங்குகிறது என்று பாருங்கள். இந்த எஞ்சின்களுக்கு ஓடும் வேகத்தில் வரும் காற்று போதாது. வலப்பக்க விசிறி காற்றைத் தள்ள, சிலிண்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடுதான் அதை இறகுகளுக்குள் செலுத்துகிறது. "காத்துப் படட்டும்" என்று அந்தக் கூட்டைக் கழற்றிவிட்ட வண்டிகள் ஏராளம். கூடு இல்லாவிட்டால் விசிறிக் காற்று சுற்றுப்புறத்தில் சிதறிவிடும், சிலிண்டரின் மறுபக்கத்துக்கு ஒன்றுமே போகாது. கூட்டின் கிளிப், சந்தில் இருக்கும் பஞ்சு, இறகுகளுக்கு நடுவே அடைந்த சேறு, வைக்கோல் எல்லாவற்றையும் பாருங்கள்.

## குறி 4: புகை

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு முறை நீலமாக வந்து நின்றால் வால்வு தண்டுச் சீல். முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங். ஏற்றம் இறங்கும்போது எக்சிலேட்டரை விட்டால் வந்தால் மறுபடி சீல் அல்லது வால்வு கைட். எதுவானாலும் முதலில் ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா பாருங்கள். இந்த எஞ்சின்கள் ஒயில் மாற்றும்போது எடுப்பது 700 முதல் 800 மில்லிலீற்றர் வரைதான். முழு லீற்றர் போத்தலையும் கவிழ்த்தால் மிச்சம் மூச்சுக் குழாய் வழியாக எயார் பெட்டிக்குப் போய்ப் புகையாக வரும். போர் அடிக்கத் தேவையில்லை, வடித்தால் சரி.

ஒயில் வகை: ஸ்கூட்டியில் கிளட்ச் ஒயிலில் நனையாது, ஆகவே "எம்பி" (MB) என்று குறித்த ஸ்கூட்டர் ஒயில், பெரும்பாலும் 10டபிள்யூ30.

கறுப்புப் புகை என்றால் ஃபில்டர், சோக். மாரிக் காலையில் வெள்ளை ஆவி வந்து ஐந்து நிமிடத்தில் நின்றால் அது சைலன்சரில் தேங்கிய ஈரம், விட்டுவிடுங்கள். 1,000 கி.மீ. ஓடுவதற்குள் 200 மில்லிலீற்றருக்கு மேல் ஒயில் குறைந்தால் திறக்கும் வேளை வந்துவிட்டது.

## திறந்தபின்: போர் அடிப்பதா, கிட் போடுவதா

முதலில் கணக்கு. டியோவின் பழைய 109 சிசி எஞ்சினில் துவாரம் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஓட்டம் (பிஸ்டன் நகரும் தூரம்) 55.6 மி.மீ. 0.50 ஓவர்சைஸ், அதாவது விட்டம் அரை மி.மீ. கூடிய, பிஸ்டன் போட்டால் 111.4 சிசி. 1.00 போட்டாலும் 113.6 சிசிதான். பெப் 51 மி.மீ. துவாரமும் 43 மி.மீ. ஓட்டமும் கொண்ட 87.8 சிசி, 1.00 போட்டால் 91.3 சிசி. ஆகவே போர் அடித்தபின் வண்டி பறப்பதுபோல் தெரிந்தால் அது கூடிய சிசியால் வந்ததல்ல, கசிந்த அழுத்தம் திரும்பி வந்ததால் வந்தது. நம்பகமாக ஓட இதுவே போதும்.

தேய்மானத்தை நீக்கும் ஆகச் சிறிய ஓவர்சைஸைத் தேர்ந்தெடுங்கள். 0.25 இல் சுத்தமாகும் சிலிண்டரை நேரே 1.00 க்கு அடித்தால் அடுத்த முறைக்கு இரும்பு மிச்சமில்லை. உள்சுவரில் பூச்சுப் பூசிய சிலிண்டர்களை அடிக்கவே முடியாது, முழு சிலிண்டராக மாற்ற வேண்டும்.

லேத் வேலை செய்பவரிடம் பிஸ்டனைக் கையில் கொடுத்துத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும். சிலிண்டரை அடித்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடக் கூடாது. பிஸ்டன்கள் கம்பனிக்குக் கம்பனி நூற்றில் சில பங்கு மி.மீ. மாறும், சேர்த்தி அளவோ (பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள வெளி) 0.02 முதல் 0.04 மி.மீ. வரை. அந்த வித்தியாசத்திலேயே பிடித்துக்கொள்வதும் தட்டுவதும் இருக்கிறது. அடித்தபின் ஹோன் செய்த (அரைகல்லால் தேய்த்த) குறுக்குக் கோடுகள் உள்சுவரில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சிலிண்டர் கைக்கு வந்ததும் பெற்றோலில் கழுவிப் பூட்டிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். பெற்றோல் ஒயிலை எடுக்கும், கோடுகளுக்குள் பதிந்த அரைப்புத் தூளை எடுக்காது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவ வேண்டும், வெள்ளையாகவே வரும்வரை. உலர்ந்த கையோடு ஒயில் பூசிவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஒயில் பூசாத இரும்புச் சுவர் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் செம்மஞ்சளாகத் தொடங்கும்.

ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராக உள்ளே தள்ளி, வாய் இடைவெளியை அளங்கள். மேல் ரிங்குக்கு 0.10 முதல் 0.25 மி.மீ. வரை சரி. எழுத்துள்ள பக்கம் மேலே. ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது, 120 பாகை விலக்கி வையுங்கள். ஹொண்டா பிஸ்டன் தலையில் உள்ள "ஐஎன்" (IN) குறி கார்பரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனைக் கனெக்டிங் ராட்டில் பிடிக்கும் பின்னின் (pin) கிளிப்பைப் போடும்போது கிராங்க் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், உள்ளே விழுந்த கிளிப்பை எடுக்க முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டி வரும். பழைய கிளிப்பைத் திரும்பப் போட வேண்டாம்.

54 மி.மீ. துவாரக் கிட், அதாவது பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த தொகுதி, போட்டால் அதே டியோ எஞ்சின் 127 சிசி ஆகும். வேகம் வரும், அதோடு ஒரு வரிசைச் செலவும் வரும். சிலிண்டர் அடி நுழையக் கிராங்க் வாயை வெட்ட வேண்டும். வெட்டியபின் பழைய சிலிண்டரை வைத்தால் சுற்றுவர இடம் விடும். கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை மாற்ற வேண்டும், பெல்ட்டும் கிளட்சும் சீக்கிரம் தேயும். பதிவுப் புத்தகத்தில் எழுதிய சிசியும் வண்டியில் உள்ள சிசியும் வேறாகும், விபத்து ஒன்று வந்தால் காப்புறுதியில் கேள்வி வரும். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு இதைச் சிபாரிசு செய்ய மனம் வராது. 125 சிசி வேண்டுமென்றால் 125 சிசி வண்டியாகவே வாங்குவது மலிவு.

## குறி 5: புதுப் பிஸ்டன் போட்டபின்

சூடானதும் இறுகுகிறது. முதல் 500 கி.மீ. வரை பாதி எக்சிலேட்டருக்கு மேல் வேண்டாம், பின்னால் ஆள் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் உட்காரும். 300 கி.மீ. இல் முதல் ஒயில் மாற்றம், வடித்த ஒயிலில் வெள்ளி மினுக்கம் தெரிவது இயல்பு. துண்டு துண்டாக உலோகம் வந்தால் நிறுத்துங்கள். இப்படி ஓட்டியும் இறுகினால் சேர்த்தி அளவு குறைந்திருக்கிறது, அடித்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.

ஏற்றத்தில் கிணுகிணு என்று உலோகச் சத்தம். தலை உயர்ந்த பிஸ்டனால் அழுத்தம் கூடியிருக்கலாம். டாங்க் குறைந்திருக்கும்போது 95 ஒக்டேன் பெற்றோல் இரண்டு லீற்றர் விட்டு அதே ஏற்றத்தில் பாருங்கள். சத்தம் போனால் இனி 95 தான் உங்கள் பெற்றோல். போகாவிட்டால் கலவையில் பெற்றோல் குறைந்திருக்கிறது, அடுத்த பத்தியைப் பாருங்கள்.

பிளக் வெளுக்கிறது. மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். ஒரு முறைக்கு ஒரு படிதான். முதல் 500 கி.மீ. முடிந்தபின், வீதி வெறிச்சோடிய விடிகாலையில், புதுப் பிளக்கோடு, முக்கால் எக்சிலேட்டரில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் ஓடி, சாவியை நிறுத்தி உருண்டு நின்று பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஐட்லிங்கில் வீட்டு வாசல்வரை வந்து பார்த்தால் பிளக் ஐட்லிங்கின் நிறத்தைத்தான் காட்டும். ஜெட் ஓட்டையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்குவது கூடாது. ஒரு தரம் குத்திய ஜெட்டுக்கு அளவே கிடையாது, வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் அது தெரியும்.

எக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் நின்றுவிடுகிறது. கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் கழுத்தைப் பூட்டும்போது வெடித்திருக்கும். ஐட்லிங்கில் ஓடவிட்டு அதன் மேல் சவர்க்கார நீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் காற்றுக் கசிவு.

ஹெட் கழற்றிப் பூட்டிய எஞ்சினில் 500 கி.மீ. இல் வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள். பூட்டும் கூலியோடு இதையும் பேசி வைத்துவிடுவது நல்லது, பிறகு யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

## குறி 6: மாரி வெள்ளத்துக்குப் பின்

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளையும். தள்ளி மேட்டுக்கு வந்து, பிளக்கைக் கழற்றி, கிக்கரால் பலமுறை சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். எயார் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் குழாயையும் திறவுங்கள்.

ஸ்டார்ட் ஆகியும் வண்டி நகராவிட்டால் பெல்ட் மூடிக்குள் தண்ணீர். மூடியைத் திறந்து துடைத்து உலரவிட்டால் பழையபடி ஓடும். இதைச் செய்யாமல் முறுக்கி முறுக்கி உலர்த்த முயன்றால் பெல்ட் பளபளத்துக் குறி 1 க்கு வந்து சேரும்.

கியர் ஒயிலை எல்லோரும் மறப்பார்கள். வடிகால் போல்ட்டைத் திறந்து பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, புது ஒயிலை மாற்றி 50 கி.மீ. ஓடி, மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 100 முதல் 150 மில்லிலீற்றர் போதும். கவனியாமல் விட்டால் இரண்டு மாதத்தில் பின்பக்கம் "ஊ" என்று ஊளையிடத் தொடங்கும். அது பெயாரிங், கராஜ் வேலை.

## குறி 7: காலையில் "டிக்" என்று மட்டும் சத்தம்

பற்றரி வோல்ட்டேஜை ஓய்வில் பாருங்கள், 12.6 இருக்க வேண்டும். செல்ஃப் அமுக்கும்போது 10 க்கும் கீழே விழுந்தால் பற்றரி முடிந்தது. விழாமல் இருந்தும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் எஞ்சின் உடலில் பூட்டிய எர்த் வயரைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, பூட்டியபின் வாசலின் பூசுங்கள். கடலுக்கு அருகில் நிற்கும் வண்டிக்கு இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை. ஓடும்போது 13.5 க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. ரெகுலேட்டர் சாக்கெட்டில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

போர் அடித்த மறுநாள் செல்ஃப் திணறுகிறது என்றால் பயப்பட வேண்டாம். அழுத்தம் திரும்பி வந்திருக்கிறது, பழைய பற்றரியால் அதைச் சுற்ற முடியவில்லை. முதல் நூறு கிலோமீற்றருக்குக் கிக்கரைப் பாவியுங்கள், பற்றரியைப் பிறகு மாற்றலாம்.